ஒகோனோமியாகி என்னும் ஜப்பானிய அடை

ஒரு நாட்டாருடைய இலக்கியத்தையும் அரசியலையும் நூல்களைக்கொண்டு அறிந்துகொள்ளலாம். அவர்தம் வீட்டு அடுப்பின் சங்கதியோ, நாமே ஒருமுறை கரண்டி பிடித்து முயன்றாலன்றி நன்கு விளங்குவதில்லை. சென்ற விடுமுறையில் யாம் நண்பர் சிலரோடு கூடி, ஜப்பானியர் 'ஒகோனோமியாகி' என்று வழங்கும் ஒருவகை அடையைச் செய்யப் புகுந்தோம். மாவைக் கரைத்து, முட்டைக்கோசை நறுக்கிப் போட்டு, கல்லில் வார்த்துத் திருப்புவதுதானே. தோசை வார்க்கும் நாட்டிற் பிறந்தவர்க்கு இஃதொரு பெரிய வித்தையா என்று எண்ணியே தொடங்கினோம். ஒரு நாழிகைக்குப் பின் எம்முன் கிடந்த பொருள், புறத்தே ஓடுபோற் கடினமாயும், அகத்தே வேகாத களியாயும் இருந்தது. நல்ல பசியோடிருந்தும் எம்மில் ஒருவரேனும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை.

எவ்விடத்தில் தவறினோம் என்று ஆராய்ந்தபோது, ஓர் உண்மை புலனாயிற்று. அஃதாவது, இது மாவை உண்பதற்கான அடையன்று. சிறிதளவு மாவினாற் பிணைக்கப்பட்ட காயை உண்பதற்கான அடை என்பதே. அவ்வாறு அமைந்ததன் காரணத்தை அதன் வரலாற்றிற் கண்டோம். வரலாற்றை அறிந்தபின் செய்முறையும் கைவந்தது. ஆதலால், இரண்டையும் ஒருங்கே வாசகர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பெயரும் தொடக்கமும்

'ஒகோனோமி' என்பதற்கு 'விரும்பியது' என்றும், 'யாகி' என்பதற்குச் 'சுட்டது' என்றும் பொருள். உண்பவர் தமக்கு விருப்பமானவற்றைச் சேர்த்துச் சுடும் பண்டம் என்பது இப்பெயரின் கருத்து.

கோதுமை மாவை நீரிற் கரைத்து மெல்லியதாய்ச் சுடும் வழக்கம் ஜப்பானில் மிகப் பழமையானது. தேநீர்க் கலையின் பேராசானாகிய சென் நோ ரிக்யூ (1522–1591) என்பவர் நடத்திய தேநீர் விருந்துகளில் 'ஃபுனோயாகி' என்னும் மெல்லடை பரிமாறப்பட்டது. பிற்காலத்தில் தோக்கியோ நகரத்து மிட்டாய்க் கடைகளிற் சிறுவர்கள் நீர்த்த மாவைச் சூடான இரும்புத் தட்டின்மேல் ஊற்றி, எழுத்துக்கள் எழுதி விளையாடி, அவ்வெழுத்துக்களையே சுரண்டித் தின்றனர். எழுத்துக்கு ஜப்பானியர் சொல் 'மோஜி' என்பது. 'மோஞ்ஜாயாகி' என்னும் பண்டத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது என்பர். கற்ற எழுத்தை அவர்களைப்போல் முற்றச் செரித்துக்கொண்ட மாணாக்கர் வேறெங்கும் இருந்திலர் போலும்!

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'இஸ்ஸென் யோஷோக்கு' என்றொரு பண்டம் பரவிற்று. 'ஒரு சென் விலையுள்ள மேனாட்டுணவு' என்பது இதன் பொருள். சென் என்பது யென்னில் நூற்றிலொரு பங்கு. மெல்லிய மாவடையின்மேல் வெங்காயத்தாள் முதலியவற்றைத் தூவி, ஆங்கில நாட்டு வூஸ்டர் ஸாஸின் வழியில் ஜப்பானியர் செய்துகொண்ட புளிப்பு ஸாஸைத் தடவிக் கொடுப்பர். அந்த ஒரு தடவலே அதனை மேனாட்டுப் பண்டமாக்கப் போதுமானதாயிற்று.

ஒகோனோமியாகி என்னும் பெயரும் யுத்தத்திற்கு முன்னரே வழங்கியதுதான். தகாமி ஜுன் என்னும் ஆசிரியர் 1939-ல் எழுதத் தொடங்கிய நாவலொன்றில், தோக்கியோவின் அசாகுஸாப் பகுதியிலுள்ள ஓர் ஒகோனோமியாகிக் கடை முக்கியமான இடம் பெறுகின்றது. ஆகையால், இப்பண்டம் யுத்தத்தின் பின்னரே தோன்றியது என்று சிலர் கூறுவது பொருந்தாது. யுத்தத்திற்கு முன் அது விளையாட்டும் சிற்றுண்டியுமாக இருந்தது; யுத்தம் அதனைப் பசிக்கு உணவாக்கிற்று.

எரிந்த நகரில் ஓர் அடுப்பு

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் காலை 8 மணி 15 நிமிஷத்தில் ஹிரோஷிமா நகரம் அணுகுண்டினால் தாக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 மக்கள் மாண்டனர் என்று கணிக்கப்படுகின்றது. எஞ்சியவர்க்கு வீடில்லை, தொழிலில்லை, அரிசி கிடைப்பது அருமையினும் அருமை. யுத்தம் முடிந்தபின் அமெரிக்க நாட்டிலிருந்து உதவியாக வந்த கோதுமை மாவே பலர்க்கும் ஆதாரமாயிற்று. அரிசிச் சோறுண்டு பழகிய ஒரு ஜன சமூகம் அம்மாவைக்கொண்டு என் செய்யும்? தம் பிள்ளைப் பருவத்தில் ஒரு சென் கொடுத்து வாங்கித் தின்ற மெல்லடை அவர்கள் நினைவுக்கு வந்தது. கிடைத்த இரும்புத் தகட்டை அடுப்பின்மேலிட்டு, மாவைச் சிறிதளவே பரப்பி, அதன்மேல் மலிவாகக் கிடைத்த கோசை மிகுதியாகக் குவித்துச் சுட்டனர். மாவு சிறிது, காய் பெரிது என்னும் அளவு ருசியை நாடி வகுத்ததன்று. குறைந்த செலவில் வயிற்றை நிரப்பவேண்டிய முடை வகுத்தது.

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நகரின் நடுவேயுள்ள ஷின்டென்ச்சி என்னும் இடத்திற் பல தள்ளுவண்டிக் கடைகள் கூடி இவ்வடையை விற்கலாயின. தெருக்கள்தோறும் வீட்டு முன்கட்டையே கடையாக்கிக்கொண்ட பெண்கள் அநேகர். யுத்தத்திற் கணவரை இழந்து, குழந்தைகளைக் காக்கவேண்டி நின்றவர்க்கு, ஓர் இரும்புத் தட்டும் ஒரு மாவுப் பாத்திரமும் கொண்டு தொடங்கத்தக்க தொழில் இதனினும் எளிதாய் வேறில்லை. ஹிரோஷிமாவின் பழைய கடைகள் பலவற்றின் பெயர்கள் 'சான்' என்று முடிவதைக் காணலாம். அது குழந்தைகளையும் நெருங்கியவர்களையும் அன்போடு விளிக்கும் விகுதி. பிரிந்துபோன உற்றார் எவரேனும் என்றேனும் திரும்பி வந்தால், வீட்டில் வழங்கிய அப்பெயரைக் கண்டு தம்மைத் தேடி வரட்டும் என்றே அவ்வாறு பெயரிட்டனர் என்று அந்நகரத்தார் சிலர் சொல்வர்.

நாளடைவில் நிலைமை சீர்ப்பட, அடையும் வளர்ந்தது. முளைப்பயறு, பன்றியிறைச்சி, முட்டை, கோதுமைச் சேமியா ஆகிய ஒவ்வொன்றும் கைப்பொருளுக்கேற்பச் சேர்ந்துகொண்டன. அக்காலத்து ஸாஸ் நீர்போல் ஓடி, அடையில் ஒட்டாது தட்டில் வழிந்து கருகிற்று. கடைக்காரர்களின் குறையைக் கேட்டு, ஹிரோஷிமாவில் 1922-ல் நிறுவப்பட்ட ஒதாஃபுகு என்னும் நிறுவனம், 1952-ல் இவ்வடைக்கென்றே கெட்டியான ஸாஸ் ஒன்றைச் செய்து வெளியிட்டது.

இருவகை மரபு

இக்காலத்தில் இவ்வடை இருவேறு மரபாகப் பிரிந்து நிற்கின்றது. ஒஸாகா முறையில், மாவும் முட்டையும் கோசும் ஒரே பாத்திரத்திற் கலக்கப்பட்டுக் கல்லில் வார்க்கப்படும். ஹிரோஷிமா முறையிலோ எதுவும் கலக்கப்படுவதில்லை. முதலில் காகிதம்போல் மெல்லிய மாவடை, அதன்மேல் மீன்பொடி, அதன்மேல் நீளமாகவும் மெல்லியதாகவும் அரிந்த கோசின் குவியல், அதன்மேல் முளைப்பயறு, அதன்மேல் இறைச்சித் துண்டுகள். இவ்வடுக்கினை ஒருசேரத் திருப்பிப்போட, மாவடை மூடியாகி, கோசு தன் நீராவியிலேயே வேகும். பக்கத்தில் வதக்கிய சேமியாவின்மேல் இதனை ஏற்றிவைத்து, பின்னர் ஒரு முட்டையை உடைத்து வட்டமாகப் பரப்பி, எல்லாவற்றையும் அதன்மேல் அமர்த்தித் திருப்புவர். இதற்குக் கைப்பழக்கம் மிகுதியும் வேண்டும். வீட்டில் முதன்முறை முயல்வோர்க்கு ஒஸாகா முறையே ஏற்றது. ஆதலால் அதனையே ஈண்டு விரிக்கின்றோம்.

வேண்டிய பொருள்கள்

இரண்டு அடைகளுக்கு வேண்டுவன வருமாறு:

மைதா மாவு, 100 கிராம்.
தாஷி என்னும் சாறு, 100 மில்லிலிட்டர்.
தோல் நீக்கித் துருவிய நாகாயிமோக் கிழங்கு, 50 கிராம்.
கோழிமுட்டை, 2.
நறுக்கிய முட்டைக்கோசு, 300 கிராம்.
வெங்காயத்தாள், ஒரு பிடி.
எண்ணெயிற் பொரித்த மாவுத் துளிகள், 2 மேசைக்கரண்டி.
காடியில் ஊறிய சிவப்பு இஞ்சி, 1 மேசைக்கரண்டி.
மெல்லியதாய் அரிந்த பன்றியிறைச்சி, 100 கிராம்.
உப்பு, ஒரு சிட்டிகை.

இவற்றுட் சிலவற்றிற்கு விளக்கம் வேண்டும். தாஷி என்பது ஜப்பானியர் சமையல் முழுவதற்கும் அடிப்படையான சாறு. ஒரு லிட்டர் நீரில் 'கொம்பு' என்னும் உலர்ந்த கடற்பாசி 10 கிராம் அரைமணி நேரம் ஊறவைத்து, மெல்லச் சூடேற்றி, கொதிக்குமுன் அதனை எடுத்துவிடல் வேண்டும். பின்னர் நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, 'கட்சுவோபுஷி' என்னும் மீன் செதில் 20 கிராம் இட்டு, இரண்டு நிமிஷத்தில் வடித்துக்கொள்க. இச்சாற்றின் சுவைக்குக் காரணம் யாது என்பதை ஜப்பானிய ரசாயன நூலார் ஆராய்ந்தனர். கொம்பிலுள்ள குளுட்டமிக் அமிலமே அச்சுவையைத் தருவது என்று இக்கேதா கிக்குனாயே 1908-ல் கண்டறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். மீனிலுள்ள இனோசினிக் அமிலத்தின் பங்கினை 1913-ல் கொதாமா ஷின்டாரோ வெளிப்படுத்தினார். இரண்டும் கூடும்போது சுவை தனித்தனியே உள்ளதினும் பன்மடங்கு மிகுவதாகும்.

கட்சுவோபுஷி நமக்கு முற்றிலும் அயலானதன்று. சூரை மீனை வேகவைத்து, புகையிலிட்டு, கட்டைபோல் உலர்த்துவதே அது. மாலத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்து, அங்குள்ள தமிழர் சமையலிலும் இடம்பெறும் மாசிக்கருவாடும் அதே மீனினின்று ஏறக்குறைய அதே முறையிற் செய்யப்படுவதே. ஜப்பானியர் அதனை மேலும் பலமுறை புகையிட்டு, உயர்ந்த வகையைப் பூஞ்சணம் பிடிக்கவைத்து முதிர்வித்து, இழைப்புளி போன்ற கருவியாற் காகிதத்தினும் மெல்லியதாய்ச் சீவுகின்றனர்.

நாகாயிமோ என்பது வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்தது. துருவினால் வழுவழுப்பான கூழாகும். அக்கூழ் காற்றைத் தன்னுட் பிடித்துவைத்து அடையைப் பஞ்சுபோலாக்கும். துருவும்போது கையில் அரிப்பெடுத்தால், காடி கலந்த நீராற் கழுவிக்கொள்க. இக்கிழங்கு பச்சையாகவே உண்ணத்தக்கது. இதன் இனத்துக் கிழங்குகள் எல்லாம் அத்தகையன அல்ல. ஆதலால் கிடைக்காதவிடத்து வேறு கிழங்கைக்கொண்டு பரீட்சை செய்தல் வேண்டா. அதற்குப் பதிலாகப் பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி சேர்த்து, சாற்றினை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொண்டாற் போதும்.

செய்முறை

முதலாவது, மாவைச் சலித்து உப்பிட்டு, சாற்றினையும் துருவிய கிழங்கையும் சேர்த்து, கட்டி கரையுமளவே கலக்குக. யாம் செய்த முதற் பிழை இங்கேதான். தோசைமாவைப்போல் நெடுநேரம் அடித்துக் கலக்கினோம். கோதுமையில் குளூட்டன் என்னும் புரதமுண்டு. நீர் பட்டுக் கலக்கக் கலக்க அது ரப்பர்போல் இழுபடும். அவ்வடை மெல்லுதற்குக் கடினமாவதில் வியப்பென்ன? கலந்த மாவை மூடிக் குளிர்ந்த இடத்தில் ஒருமணி நேரம் வைத்தால், இழுப்புத் தளர்ந்து மென்மையுறும்.

இரண்டாவது, கோசின் நடுத்தண்டை நீக்கி, இலைகளைச் சிறு துண்டுகளாக நறுக்குக. மிகப் பெரியதாயின் அடை பிரிந்துபோம். மிகப் பொடியாயின் நீர் விட்டுக் குழைந்துபோம். ஒரு விரலின் பாதியகலம் ஏற்ற அளவு. கழுவிய கோசினை நன்றாக உலரவிடுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, கல்லைக் காயவைத்த பின்னரே கோசு, முட்டை, வெங்காயத்தாள், பொரித்த துளிகள், இஞ்சி ஆகியவற்றை மாவோடு கூட்டுக. முன்னரே கூட்டிவைத்தால் உப்பினாற் கோசு நீர் விட்டு மாவைத் தண்ணீராக்கிவிடும். ஓர் அடைக்கு வேண்டிய அளவை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, அடியிலிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினாற் போதும். பார்வைக்கு, மாவு பூசிய கோசாகத் தோன்றவேண்டுமேயன்றி, கோசு மிதக்கும் மாவாகத் தோன்றலாகாது. எம் முதல் முயற்சியில் மாவு பாதி, கோசு பாதியாக இருந்தது. அதனாலேதான் அகம் களியாயிற்று.

நான்காவது, அடிகனமான இரும்புக் கல்லை நடுத்தரத் தீயிற் காயவைத்து, எண்ணெய் தடவி, கலவையைக் குவித்து, ஒரு சாணுக்குக் குறைந்த அகலமும் இரண்டு சென்டிமீட்டர் கனமும் உள்ள வட்டமாக மெல்லச் சேர்த்துவிடுக. தோசையைப்போல் தேய்த்துப் பரப்புதல் கூடாது. மேற்புறத்தில் இறைச்சித் துண்டுகளை அடுக்குக. நான்கு நிமிஷம் கழித்து, அடிப்புறம் பொன்னிறமானதும், இரண்டு திருப்பிகளை இருபுறமும் செலுத்தித் தயங்காது ஒரே வீச்சில் திருப்புக. இப்பொழுது இறைச்சி கல்லிற் படும். மூடியிட்டு ஐந்து நிமிஷம் வேகவிட்டு, மூடியை எடுத்து மறுபடியும் திருப்பி, மேலும் இரண்டு நிமிஷம் வைக்க. இறைச்சி முற்றும் வெந்ததா என்று பார்த்த பின்னரே இறக்குக.

ஐந்தாவது, எக்காரணம்பற்றியும் திருப்பியால் அடையை அமுக்குதல் ஆகாது. இதுவே எம் இரண்டாம் பிழை. சீக்கிரம் வேகட்டும் என்று கருதி அமுக்கினோம். கோசுத் துண்டுகளுக்கு இடையேயுள்ள சிறு வெளிகளிலேதான் நீராவி சுற்றி வந்து அகத்தை வேகவைக்கின்றது. அமுக்கினால் அவ்வழிகள் அடைபட்டு, புறம் கருகும், அகம் வேகாது. பொறுமையின்மைக்கு இவ்வடை உடனே தண்டனை விதிக்கின்றது.

மேற்பூச்சும் உண்ணும் முறையும்

இவ்வடைக்குரிய ஸாஸ் கிடையாவிடின் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். வூஸ்டர் ஸாஸ் 3 மேசைக்கரண்டி, தக்காளி ஸாஸ் 3 மேசைக்கரண்டி, சோயா ஸாஸ் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கரையுமளவும் கலக்குக. இதனைச் சூடான அடையின்மேல் தடவி, விரும்புவோர் முட்டையும் எண்ணெயும் காடியும் அடித்துச் செய்த மயோனேஸைக் கோடுகோடாக இட்டு, 'ஆவோநோரி' என்னும் பச்சைக் கடற்பாசிப் பொடியைத் தூவி, இறுதியில் மீன் செதிலை உதிர்ப்பர். அச்செதில்கள் உயிருள்ளவைபோல் நெளிந்தாடுவதைக் கண்டு முதன்முறை காண்போர் திடுக்கிடுவதுண்டு. இதில் மாயம் ஒன்றுமில்லை. மெல்லிய செதிலின் ஒருபுறம் ஆவியின் ஈரத்தை ஏற்று விரிய, மறுபுறம் அவ்வாறு விரியாமையால் அது சுருண்டும் நிமிர்ந்தும் அசைகின்றது.

ஒஸாகாவில் இதனைச் சதுரத் துண்டுகளாக வெட்டுவர். சிறிய இரும்புத் திருப்பியைக்கொண்டு சூடான தட்டிலிருந்தே நேராக எடுத்துண்பதும் உண்டு. வீடுகளில் மேசைமேல் மின்சாரத் தட்டினை வைத்து, குடும்பத்தார் யாவரும் சுற்றியிருந்து, ஒருவர் நறுக்க, ஒருவர் கலக்க, ஒருவர் திருப்ப, பேசிக்கொண்டே உண்பர். அந்நகரத்தாரிற் பலர் இவ்வடையையே கறியாக வைத்துச் சோறுண்பதைக் கண்டு, பிற ஊர் ஜப்பானியர் நகைப்பதுண்டாம்.

பன்றியிறைச்சி உண்ணாதார் இறாலோ கணவாயோ சேர்க்கலாம். அவை ஜப்பானிலும் வழக்கத்திலுள்ளவையே. மீனும் இறைச்சியும் விலக்கியோர், கொம்பும் உலர்ந்த காளானும் ஊறிய நீரைச் சாறாகக் கொண்டு, காளானை மேலே அடுக்கி, மீன் செதிலை விட்டுவிடலாம். வூஸ்டர் ஸாஸிற் பெரும்பாலும் நெத்திலி மீன் கலந்திருக்குமாதலால், அவர்கள் அது சேராத வகையைத் தெரிந்து வாங்கல் வேண்டும். பெயரே 'விரும்பியது' என்றிருக்க, இம்மாற்றங்களுக்கு எவரும் தடை கூறார்.

முடிவுரை

மேற்கூறிய முறைப்படி யாம் இரண்டாம் முறை செய்தபோது, அடை புறத்தே பொன்னிறமாயும் அகத்தே மென்மையாயும் அமைந்தது. முன்பு வாய் திறவாதிருந்த நண்பர்கள் தட்டைத் துடைத்துண்டனர். எனினும் எம் மனத்தில் நிலைத்தது அச்சுவை மட்டுமன்று.

'விரும்பியது' என்னும் பெயரை எண்ணிப் பார்த்தோம். எரிந்த நகரத்திலே அவ்வடையைச் சுட்டு விற்ற தாய்மார்க்கு, விரும்பியதைத் தெரிந்துகொள்ளும் வசதி எங்கே இருந்தது? கிடைத்த மாவு, கிடைத்த கோசு, கிடைத்த தகடு, இவையே அவர்க்கிருந்தவை. அவற்றைக்கொண்டே தம் பிள்ளைகளை வளர்த்தனர். அப்பெயரை அவர்கள் மாற்றவுமில்லை. பின்வந்தோர் அப்பெயருக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்த்தனர். ஆயினும் மாவு சிறிது, காய் பெரிது என்னும் அந்நாளைய அளவு இன்றளவும் மாறவில்லை. செல்வம் வந்த பின்னரும் அதனை மாற்றினால் அடை கெடும். முடைநாளில் கற்ற அளவு, நிறைந்த நாளிலும் நல்லளவாக நின்றது.

நம் மாணவர் இதனை ஒருநாள் செய்து பார்ப்பாராக. கோசை மிகுதியாக இடுக; மாவை அளவாக இடுக; அமுக்காதிருக்க. தட்டிலிருந்து முதல் துண்டை எடுக்குமுன், அதனை முதன்முதல் பசிக்கென்று சுட்டவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுதலும் தகும்.